முதல் குடிமகன் யார்?

கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் காலை ரயிலில் பாசுரம் ஓதிக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கைப் பெண் கேட்ட கேள்வியில் என் ஓதுதல் நின்றது. ஆலைச் சீருடை அணிந்த தம் கணவரை, அன்று ஆலையில் நடக்கவிருந்த குடிமையியல் வினாடிவினாவுக்கு அவர் ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்.

"இந்தியாவோட முதல் குடிமகன் யாரு, சொல்லு மாமா."

"வேற கேளு."

"போன வருஷமாட்டம் இதையே கேட்டா, மேடைய உட்டு எறங்கி ஓடியாந்துடுவியா?"

"'நீதான்டா அது'ன்னு கம்பெனியே விசிலடிச்சிது. அப்ப நானும் தெனம் குடிச்சிகினுதானே இருந்தேன்?"

"இப்ப?"

"இப்ப இன்னா, டீதான்."

"அப்பறம் இன்னாத்துக்குப் பேஜாரு? சொல்லு."

"குடியரசுத் தலைவர்."

"பயந்துகினே சொல்ற. சத்தமா சொல்லு."

"குடியரசுத் தலைவர்!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. கும்மிடிப்பூண்டி வந்தது. மேலும் பயணிக்க வேண்டிய மனைவி, வாசலை எட்டிவிட்ட கணவரை நோக்கிக் குடிநீர்ப் புட்டியைத் தூக்கிக் காட்டிக் கூவினார்:

"மாமா, தண்ணிய மறந்துட்டுப் போறியே!"

பெட்டி முழுவதும் சிரித்தது. அவர் தலைகுனியவில்லை. திரும்பி வந்து, சிரித்தவர்களைப் பார்த்துத் தாமும் சிரித்தபடி புட்டியை வாங்கிக்கொண்டார்.

"அத மறந்து ரொம்ப நாளாச்சுடி."