கரும்பலகையில் மனைப்பிரிவு

"என் நாலாங்கிளாஸ் பசங்க இன்னிக்குக் காலையில மனை விக்கக் கத்துகினாங்கக்கா."

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாயங்கால பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள், வேறு வேறு பள்ளிக்காரர்கள். சொன்னவர் இளையவர். குரலில் சிரிப்பே இல்லை.

"இன்னாடி சொல்ற?" என்றார் மூத்தவர்.

"எனக்கு ஒரே ரூம்ல நாலும் அஞ்சும். தினம் சாயங்காலம் மறுநாள் பாடத்த போர்டுல எழுதிட்டுதான் கிளம்புவேன். காலையில நாலாங்கிளாஸ் அதப் பாத்து எழுதும். அந்த நேரத்துல அஞ்சாங்கிளாஸ வராண்டாவுல உக்கார வச்சிப் படிக்க வைப்பேன்."

"நல்லதுதானே?"

"நேத்து நான் கிளம்பினதும், மனை விக்கிறவனுங்க மீட்டிங் போட எச்.எம். என் ரூமக் குடுத்துட்டாரு. அவனுங்க என் பாடத்த அழிச்சிட்டு பிளாட் படம் போட்டுட்டுப் போயிட்டானுங்க. பசங்க ஸ்கேல் வச்சி, முப்பதடி ரோடு வரைக்கும் அப்படியே வரைஞ்சி வச்சிருக்குங்க."

மூத்தவர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்கக்கா! அஞ்சாங்கிளாஸ்ல பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியல. அதுங்களுக்குன்னு எனக்குக் கிடைக்கிறது அந்த ஒரு பீரியடுதான். அழிச்ச பாடத்த நாலாங்கிளாஸுக்குத் திரும்ப எழுதிப் போடணும்னா அதுவும் போச்சி."

"எச்.எம். கிட்ட கேட்டியா?"

"'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா'ன்றாரு. இன்னிக்கும் மீட்டிங்காம்."

"அப்ப இன்னிக்கு எழுதலியா?"

"எழுதினேனே. எழுதிட்டு ரூமப் பூட்டினேன்." மடியிலிருந்த கைப்பையை அவர் தட்டினார். உள்ளே சாவிக்கொத்து குலுங்கியது.

"அய்யய்யோ! நாளைக்கு அவரு கத்துனா இன்னாடி சொல்லுவ?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்னு சொல்லுவேன்."