முதலில் சுருக்கவேண்டியது

லினக்ஸில் அதன் உயிர்நாடியான கெர்னலைப் புதுப்பித்தால் கணினியை ஒருமுறை அணைத்துப் போடவேண்டும். நான் தவறியதில்லை. அந்த ஞாயிறு மதியமும் அணைத்துப் போட்டேன். ஒழுங்காக எழுந்தது.

அடுத்தது டிஸ்க்குகள். நீங்கள் எழுதிக்கொள்ள எளிமையாகவே சொல்கிறேன். மூன்று டிஸ்க்குகளை ஒரே குளமாகச் சேர்த்து, வேண்டிய அளவுக்கு வால்யூம்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றைச் சுருக்கி இன்னொன்றுக்கு இடம் கொடுக்கலாம். என் மைத்துனன் உதவிக்கு வந்திருந்தான். வீட்டில் அவனை நெட்டை என்போம்.

"தள்ளுங்க அத்தான். நீங்க ஒவ்வொரு எழுத்தாத் தட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த கெர்னலே வந்துடும்."

தள்ளி உட்கார்ந்தேன்.

பழைய வால்யூமில் என் மனைவி இருந்தாள். அவள் பேசியது, பாடியது, கடைசி மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என்னைத் திட்டியது. அந்தப் பதிவுகள் வேறெங்கும் இல்லை.

சுருக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உள்ளே இருப்பதைச் சுருக்கவேண்டும். பிறகுதான் வால்யூமை. நெட்டை வால்யூமை முதலில் சுருக்கினான். எச்சரிக்கை வந்தது. படிக்காமல், ஆம் என்று 'ஒய்' தட்டினான். மிஞ்சிய இடத்தில் புதியதைப் போட்டு ஃபார்மட்டும் செய்தான். பழையது அதன்பின் திறக்கவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவில்லை.

யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய பேட்டரி பக்கத்தில் இருந்தது. நல்ல கனம். அவன் காதுக்கு மேலே நான்கு முறை அடித்தேன். மூன்றே போதும். நான்காவது, சரிபார்க்க.

மாமியார் போன் செய்தார்.

"நெட்டை சாப்பிட்டானா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை. படுத்திருக்கான்."

"அங்கயுமா? எருமை."

வீட்டில் இருந்த ஒரே இரும்புப் பெட்டி சிறியது. அவன் ஆறடிக்கு மேல். பெட்டியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. உள்ளே போகவேண்டியதை முதலில் சுருக்கினேன். முழங்காலில் ஆரம்பித்தேன். இரும்பறுக்கும் ரம்பத்தில் இரண்டு பிளேடு உடைந்தது. மூடி கச்சிதமாகப் பொருந்தியது. வரிசைப்படி செய்தால் எதுவும் கெடாது.

அவளுக்காகத்தான் செய்தேன். எந்தப் புருஷனும் செய்வான்.

அடிக்கும் முன் அவன் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டான். எழுந்து என் மேஜைப் பக்கம் போனான்.

"விடுங்க அத்தான். அக்கா போனதும் பேக்கப்புக்குன்னு ஒரு டிஸ்க் வாங்கிக் குடுத்தேன்ல? வாராவாரம் எடுக்கறேன்னீங்களே. எந்த டிராயர்?"

சரியான டிராயரில்தான் கை வைத்தான். டிஸ்க் இன்னும் அங்கேதான் இருக்கிறது. உறை பிரிக்கவில்லை.