கரும்புக்குப் போட்ட குருணை காலுக்கு ஆகுமா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வெல்ல ஆலைச் சங்கத் தலைவர் அர்ச்சுனன் ஐயா அவர்களே, கொப்பரை முன் நின்று கை காய்த்த பெரியோர்களே, அனலில் வெந்து அடுத்தவர் நாவில் இனிப்பை வைக்கும் தாய்மார்களே, மாரண்டஹள்ளிச் சுற்றுவட்டாரத்து உழவர்களே, உங்கள் அனைவருக்கும் அன்ஜும் சொல்லும் வணக்கம். தருமபுரிக்காரி. பல்கலைக்கழக ஆய்வகத்தில் காயங்களுக்கு ஜெல் செய்கிறவள்.

இன்று ஒரு தீர்மானம். கரும்பு நாற்றின் வேரில் ஈரம் தங்கப் போடுகிறோமே, அந்த வெள்ளைக் குருணை. ஒவ்வோர் ஆலைக் கொட்டாயிலும் அதை ஒரு டப்பாவில் வைத்து, பாகு பட்ட காயத்துக்குப் போடலாம் என்று. முன்மொழிந்தவர் கிருஷ்ணப்பன் அண்ணன். அவர் சொன்னதைக் கேட்டீர்கள். "ஆஸ்பத்திரியில ஒட்டுறதும் ஜெல்லு, இதுவும் ஜெல்லுங்க. நேத்து எங்க வூட்டுக்காரி கால்ல பாகு கொட்டிடுச்சி. இதத்தான் போட்டேன். முன்னாடிதான் உக்காந்திருக்கா, பாருங்க."

அதோ, சென்னம்மாள் அக்கா. காலைச் சேலையால் மூடி அமர்ந்திருக்கிறார். கை தூக்குமுன் கொஞ்சம் கேளுங்கள்.

இரண்டும் ஜெல்தான். மறுக்கவில்லை. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத நீண்ட நூல்கள். நூலை நூலோடு கட்டும் முடிச்சுகள். குறுக்குப் பிணைப்பு என்று நாங்கள் சொல்வது இந்த முடிச்சைத்தான். முடிச்சே இல்லையென்றால்? நூல் நீரில் கரைந்து போகும். முடிச்சு குறைவென்றால்? நீரைக் குடிக்கும், குடித்து உப்பும், உப்பி உடையும். முடிச்சு மிகுந்தால்? நீர் நுழையாது, மருந்து கசியாது, விறைத்துப்போய்க் காயத்தை உரசும்.

தலைவர் ஐயா காதோரம் சொல்கிறார், "பாகுப் பதம் மாதிரின்னு சொல்லும்மா, புரிஞ்சிக்குவாங்க."

சொல்ல எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனால் பாகு நீர் வற்றி இறுகுகிறது. இது நீரை வைத்துக்கொண்டே இறுகுகிறது. வற்றாமல் இறுகுவது. அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

காயத்துக்கான ஜெல் மென்மையாக இருக்க வேண்டும். கிழியக் கூடாது. ஈரம் தர வேண்டும். ஒரே தாளாக உரிந்து வர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முடிச்சு அளந்து போட வேண்டும். பிறகு கழுவ வேண்டும், மீந்த வேதிப்பொருள் போகும்வரை கழுவ வேண்டும், கிருமி நீக்க வேண்டும். மண்ணுக்குச் செய்த குருணைக்கு இந்தக் கவலை எதற்கு? எரிகிறது என்று வேர் அழுமா?

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "போட்டதும் சில்லுனு இருக்குதாமே, அப்புறம் என்னங்க?"

சில்லென்றுதான் இருக்கும். தண்ணீர் அல்லவா. அக்கா, எப்படிப் போட்டாரு?

மைக் இல்லை. அவர் சொல்வதை நான் சொல்கிறேன். "காஞ்ச குருணையத் தூவி, வேட்டித் துணியால இறுக்கிக் கட்டுனாரு கண்ணு. அப்பப்ப தண்ணி ஊத்துறாரு. நாத்துக்குக்கூட இப்படி ஊத்துனதில்ல."

சிரிக்கிறீர்கள். அக்காவும் சிரிக்கிறார். என்னால் முடியவில்லை.

ஒரு பிடி குருணை ஒரு வாளியை நிரப்புவதை நீங்கள் வயலில் பார்த்தவர்கள். காயத்து நீரில் உப்பு இருப்பதால் அந்த அளவு உப்பாது. ஆனாலும் உப்பும். நீங்களோ நல்ல தண்ணீரை வேறு ஊற்றுகிறீர்கள். மண் நெகிழ்ந்து இடம் கொடுக்கும். இறுக்கிய துணி கொடுக்குமா? கொடுக்காது. அப்படியானால் அந்த உப்பல் எந்தப் பக்கம் அழுத்தும்?

காலைத்தான்.

அக்கா, இப்ப வலிக்குதா?

"நேத்து உசுரு போச்சு. இன்னிக்கி ஒன்னுமே தெரியல. விரலே இல்லாத மாதிரி இருக்குது."

"ஆறிடுச்சிங்க, அதான்," என்கிறார் அண்ணன்.

ஆறவில்லை அண்ணா, ரத்தம் ஓடவில்லை. சேலையைக் கொஞ்சம் ஒதுக்குங்க அக்கா.

மேடையிலிருந்தே தெரிகிறது. விரல்கள் கறுத்திருக்கின்றன.

யாரும் எழுந்து வந்து சூழ வேண்டாம். மேடையில் என்னோடு இருந்த செவிலியர் நிர்மலாதேவி இறங்கிவிட்டார். துணிக்கட்டை அவர் வெட்டட்டும். ஒட்டியதை யாரும் பிய்க்காதீர்கள். தலைவர் ஐயா, உங்கள் கார் வாசலுக்கு வரட்டும்.

"நல்லதுக்குத்தானே பண்ணுனேன்," என்கிறீர்கள் அண்ணா. தெரியும். இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். கெட்ட எண்ணத்தில் யாராவது தன் மனைவியின் காலுக்கு விடிய விடியத் தண்ணீர் ஊற்றுவார்களா? அண்ணனைத் தாங்கிப் பிடியுங்கள்.

பெரியோர்களே, கொட்டாயில் டப்பா வேண்டாம். தண்ணீர்க் குழாய் வையுங்கள். பாகு பட்டால் ஓடும் நீர். இறுக்காத சுத்தத் துணி. உடனே மருத்துவமனை. வேலை நிற்குமா? நிற்கட்டும். பாகு பதம் முறியுமா? முறியட்டும். கொப்பரை கருகுமா? கருகட்டும். கொப்பரையை நாளை தேய்த்துக்கொள்ளலாம். கருகிய காலை?

துணி அறுந்துவிட்டது. அக்கா ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி.

"குத்துது... ஐயோ, வலிக்குது கண்ணு."

வலிக்கட்டும் அக்கா. விரலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. வலிக்கும்போதே போய்ச் சேருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நடுவில் வழி விடுங்கள். வணக்கம்.