ஏற்றத்தைச் சொல்லும் குரல்

இந்த மேடைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தென்காசி கிளைடர் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் லிங்கேஸ்வரன் அவர்களே! அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கிக்கொண்ட கழகத்து உறுப்பினர்களே! மாசி வெயிலைக் குடையால் சமாளித்துக்கொண்டு மேலகரத்திலிருந்தும் இலஞ்சியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! மதியச் சமையலை விடியலிலேயே முடித்துவிட்டு வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே! யார் பேசினாலும் அசையாமல் கேட்கும் எங்கள் குற்றால மலையே! உங்கள் எல்லோருக்கும் ஆனந்தவள்ளியின் அன்பான வணக்கம்.

என்னை அறிமுகம் செய்த தம்பி இசக்கிதுரை, "துயரில் வாடும் அம்மையார்" என்றார். துயரம் உண்டு, தம்பி. வாட்டம் இல்லை. இது இன்று காலை நானே கஞ்சி போட்டு, நானே இஸ்திரி போட்டுக் கட்டிய சேலை. (சிரிப்பு அடங்கட்டும். என் பேச்சு நீளமில்லை, ஆனால் முழுதாகக் கேட்க வேண்டும்.) பின்வரிசையில் கேட்கிறதா? கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள். கேட்காமலே கேட்டதுபோல் தலையாட்டாதீர்கள். அப்படித் தலையாட்டிய ஒருவரோடுதான் நான் குடும்பம் நடத்தினேன். இன்று நான் சொல்ல வந்ததும் அவர் கதைதான்.

என் கணவர் முத்துராமலிங்கத்தை உங்களில் பலர் அறிவீர்கள். விமானப்படையில் ஜெட் என்ஜின்களின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். நாட்டுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், "ரெண்டு காது" என்பார். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும், என்ஜினே இல்லாத விமானத்தில் ஆசை வைத்தார்.

தாய்மார்களே, என்ஜின் இல்லாத விமானம் எப்படிப் பறக்கும்? ஒரு கம்பிவடம் இழுத்து மேலே விடும். அதன் பிறகு? காற்றே கதி. வெயிலில் காய்ந்த பாறையிலிருந்தும் தரிசிலிருந்தும் வெந்த காற்று மேலே எழும். அந்தக் காற்றுக்குள் வட்டமிட்டால் விமானமும் எழும். பருந்துக்கு இது பிறவியிலேயே தெரியும். மனிதனுக்குத் தெரியுமா? தெரியாது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று நம் உடம்பு சொல்லாது. மருத்துவமனை லிஃப்டில் நின்று பாருங்கள். கிளம்பும்போது ஒரு குலுக்கல், நிற்கும்போது ஒரு குலுக்கல், நடுவில் ஒன்றும் தெரியாது.

அதைச் சொல்லத்தான் ஒரு கருவி. வேரியோமீட்டர் என்பது முழுப்பெயர், பறப்பவர்கள் வாயில் வேரியோ. ஒரு படி ஏறினாலும் காற்றழுத்தம் இம்மியளவு குறையும். அந்த இம்மியை உணரும் சில்லு அதற்குள் இருக்கிறது. ஏறினால் கீச், கீச் என்று விட்டு விட்டுக் கூவும். இறங்கினால் ஒரே நீட்டாக உறுமும். முள்ளும் உண்டு. ஆனால் பக்கத்தில் இன்னொரு கிளைடர் வட்டமிடும்போது முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கண் வெளியே இருக்க வேண்டும், காது கருவியிடம் இருக்க வேண்டும்.

அதன் இன்னொரு குணமும் எனக்குப் பிடிக்கும். கைப்பிடியை இழுத்தால் விமானத்தின் மூக்கு நிமிரும், சற்று மேலே போகும். அது காற்று தந்த ஏற்றமா? இல்லை. தன் வேகத்தைக் கொடுத்து வாங்கிய ஏற்றம். நல்ல வேரியோ அதற்கு மயங்காது. "நீயாக எம்புவதை ஏற்றம் என்று சொல்ல மாட்டேன்" என்று வாயை மூடிக்கொள்ளும். கண்டிப்பான கருவி. எங்களுக்குள் ஒத்துப்போனதில் வியப்பில்லை.

ஒரு நாள் லிங்கேஸ்வரன் என் கணவரோடு பின்னிருக்கையில் பறந்துவிட்டு, இறங்கியதும் நேரே என்னிடம் வந்தார்.

"ஆச்சி, மேல வேரியோ தொண்ட கிழியக் கத்துது. அண்ணாச்சி பாட்டுக்கு நேராப் போறாவ. திரும்புங்கன்னு நான் முதுகத் தட்டுதேன். அவுகளுக்கு அது கேக்கவே இல்ல."

காது குறையும்போது முதலில் போவது கீச்சுக் குரல்களாம். உறுமல் கடைசி வரை கேட்குமாம். யோசித்துப் பாருங்கள், பெரியோர்களே! ஏறும்போது கருவி சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. இறங்கும்போது சொல்வது மட்டும் கேட்டது. இறக்கம் மட்டுமே கேட்கும் காதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு உயரம் போக முடியும்?

காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன். காற்றிரைச்சலில் அது ஊளையிடுகிறது என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சட்டைப்பைக்கு நன்றாகக் கேட்டது.

அப்போதுதான் மாஜிதா வந்தாள். அதோ, மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொள்கிறாளே, அவள்தான். எழுந்திரு மாஜிதா, கூச்சம் போதும். மேலகரத்தில் மாடி அறையில் பட்டறை போட்டிருக்கும் மின்னணுப் பொறியாளர். வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். தறிச்சத்தத்தில் வளர்ந்ததால், ஒலி ஒன்று தப்பினாலும் தன் காது கண்டுபிடித்துவிடும் என்பாள். "அண்ணாச்சி காதுக்கு எது கேக்குதுன்னு சொல்லுங்க ஆச்சி, அந்தச் சத்தத்துல நான் செஞ்சு தாரேன்" என்றாள்.

ஆனால் காதைச் சோதிக்க வேண்டுமே! விமானப்படைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரிக்குப் பயப்பட மாட்டார்கள், மெடிக்கலுக்குப் பயப்படுவார்கள். மருத்துவரிடமும் வரமாட்டேன், கணினிமுன்னும் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். நான் பாடினால் மட்டும் உட்காருவாராம். பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பாட்டு வகுப்பில் சுருதி கொஞ்சம் பிசகினாலும் சிஸ்டர் பிலோமினா மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்வார். இசைக்கவையைத் தட்டிச் சுருதி பிடித்துக்கொண்டு என் கணவர் எதிரே உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுருதியாக மேலே மேலே போனேன். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். தூக்கினார். எல்லாவற்றுக்கும் தூக்கினார். மாஜிதா அதை நம்பி ஒரு வேரியோ செய்தாள்.

அதை மாட்டிக்கொண்டு தனியே போனவர் எங்கே இறங்கினார்? நம் ஓடுதளத்தில் அல்ல. கேரள எல்லையில், புளியறையில்! அறுவடை முடிந்த வயலில்!

நாங்கள் டிரெய்லரை எடுத்துக்கொண்டு போனபோது, சோதனைச்சாவடி காவலர் ஒருவர் இறக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணாச்சி, இதுல என்ன லோடு?"

"காத்து தாம்வே."

"எந்த ஊர்க் காத்து? கேரளாவா, நம்ம பக்கமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன்வே இங்கன இறங்குதேன்?"

சாலையோரக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "ஆச்சி, இவுக உங்க ஆளா? வானத்துலேருந்து வந்து இறங்குதாக. ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டா, ரெண்டு புரோட்டா போடுங்காக!"

சிரியுங்கள், நானும் சிரித்தேன். லிங்கேஸ்வரன் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, வேரியோ உங்க காதுல விழுதுன்னு எனக்கு உறுதியாத் தெரியணும். இல்லன்னா இனிமே உங்களத் தனியா ஏத்த மாட்டேன். பின்னால ஒருத்தர் உக்காரணும்" என்றார். சொன்னது நியாயம். என் கணவர் புரோட்டாவைப் பார்த்துக்கொண்டே, "பின்னால ஒருத்தன் உக்காந்து திரும்பு திரும்புன்னு சொன்னா, அது பறக்கது இல்ல, பஸ்ஸுல போறது" என்றார். தனியே பறப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்தது. கூட்டத்தில் பேச்சு விளங்காமல் ஒதுங்கி ஒதுங்கி, மேலே மட்டும்தான் ஒதுங்காமல் இருந்தார். அதுவும் போனால்?

மறுநாள் மாஜிதாவின் பட்டறையில் மறுபடி உட்கார வைத்தேன். எதிரே அமர்ந்தேன். சுருதி பிடித்தேன். கேட்டது, விரல் உயர்ந்தது. அடுத்தது, உயர்ந்தது. அதற்கடுத்து வாயை மட்டும் திறந்தேன். சத்தமே விடவில்லை.

விரலைத் தூக்கினார். கம்பீரமாகத் தூக்கினார்!

"கேட்டுதா?" என்றேன்.

"கணீர்னு கேட்டுதே."

"நான் சத்தமே போடலீங்க."

மாஜிதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். இயந்திரத்தை ஏமாற்ற முடியாதவர் மனைவியை ஏமாற்றிப் பார்த்தார்! கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன பதில் என் கோபத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கேக்குது வள்ளி. இத்தன நாளும் அப்படித்தான் கேக்குதேன்."

"மேல போனா என் மூஞ்சி இருக்காதுங்க."

அவரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஒரு வீரர் தோற்கச் சம்மதித்து உட்காரும் அழகை அன்று பார்த்தேன்.

உச்சியிலிருந்து இறங்கி வந்தேன். விரல் அசையவில்லை. இன்னும் இறங்கினேன். அசையவில்லை. ஒரு சுருதிக்கு வந்தபோது, தொடையின் மேல் கிடந்த விரல் தானாக எழுந்தது. மறுபடி போட்டேன். எழுந்தது. எத்தனை முறை போட்டாலும் எழுந்தது. மாஜிதா கையைத் தட்டினாள்.

"ஆச்சி! இது நீங்க அண்ணாச்சிய மாடியிலேருந்து சாப்பிடக் கூப்பிடுத சத்தம்லா!"

ஆமாம். "ஏங்க…" என்று நான் இழுக்கும் அந்தச் சுருதி. அவள் சொல்லை விட்டுவிட்டாள், சுருதியை மட்டும் கருவிக்குள் வைத்தாள். ஏற்றம் கூடினால் குரல் உயராது, அடிக்கடி அழைக்கும். சோறு ஆறிப்போகும்போது நான் அழைப்பது போலவே!

லிங்கேஸ்வரன் பின்னிருக்கையில் அமர்ந்து சோதித்தார். அவர் தட்டுவதற்கு முன்பே என் கணவர் திரும்பினார். அடுத்த முறை அவரைத் தனியே அனுப்பிவிட்டார் லிங்கேஸ்வரன். இந்தத் திடலில்தான் நின்று பார்த்தேன். தரிசுக்கு மேலே ஒரு வட்டம், அதற்கு மேலே ஒரு வட்டம், வெள்ளை இறக்கை வெயிலில் திரும்பித் திரும்பி, சிறுத்துச் சிறுத்து, மேகத்தின் அடிவயிற்றை எட்டியது. காலமெல்லாம் அவரைக் கீழே இறங்கி வரச் சொன்ன என் குரல், அன்றைக்குத்தான் அவரை மேலே போகச் சொன்னது.

தட்டாதீர்கள். இனி வருவதையும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

இரண்டு பருவம் அப்படிப் பறந்தார். சென்ற ஐப்பசியில், மாடியில் படுத்திருந்தார். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். அந்தக் குரலுக்கு அவர் வராதது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு அந்தச் சுருதியில் நான் யாரையும் அழைக்கவில்லை.

அவர் நினைவாக அந்த வேரியோவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இன்று என் கையால் திறந்துவைக்க வேண்டும் என்று கழகம் விரும்புகிறது. பெட்டி அழகாகத்தான் இருக்கிறது. நன்றி. ஆனால் சபையோர்களே, பெட்டிக்குள் காற்று ஏறுமா? இறங்குமா? காற்று அசையாத இடத்தில் வேரியோ எதைச் சொல்லும்?

நம்மில் வயது போனவர்களின் காதில் நாள்தோறும் விழுவது எது? சர்க்கரை ஏறிற்று, பார்வை குறைந்தது, படியில் பார்த்து, வாசலில் பார்த்து! இறக்கத்தைச் சொல்ல ஊரே இருக்கிறது. இறக்கத்தைச் சொல்ல மருத்துவர் இருக்கிறார், மகன் இருக்கிறார், மருமகள் இருக்கிறார். ஏற்றத்தைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? "இதோ, இங்கே காற்று எழுகிறது, திரும்பு!" என்று சொல்ல ஒரு குரல் வேண்டாமா? அதுவும், சொல்பவருக்கு வசதியான சுருதியில் அல்ல, கேட்பவர் காதுக்கு எட்டுகிற சுருதியில் சொல்ல வேண்டாமா? மாஜிதா செய்தது அதுதான். இனி அவள் செய்யும் ஒவ்வொரு கருவியும் வாங்குபவரின் காதை முதலில் கேட்டுவிட்டே பேசும். அதையும் பாராட்டத்தான் நாம் இங்கே கூடியிருக்கிறோம். இப்போது தட்டுங்கள்!

சென்ற வாரம் மாஜிதா பின்னிருக்கையில் போய்விட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆச்சி, மேல உங்க சத்தம் கேட்டுது" என்றாள். நான் அந்தக் கருவியைப் பட்டறையில் கேட்டிருக்கிறேன். மேலே கேட்டதில்லை. அவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் ஒரு முறைகூட நான் ஏறியதில்லை. அந்த உயரத்தில், அந்தத் தனிமையில், என் குரல் அவருக்கு எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே பெட்டியைத் திறந்துவைக்க மாட்டேன். காலையிலேயே லிங்கேஸ்வரனிடம் சொல்லி, வேரியோவை மறுபடி கிளைடரில் மாட்டச் சொல்லிவிட்டேன். இன்னும் சற்று நேரத்தில் பின்னிருக்கையில் நான். முன்னிருக்கையில் லிங்கேஸ்வரன். மகன் பெங்களூரிலிருந்து போன் போட்டு, "இந்த வயசுல எதுக்கும்மா" என்றான். அவன் காதில் விழுந்தது உறுமல். எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

தாய்மார்களே, அழ வேண்டாம், சேலை கசங்கும். நான் மேலே இருக்கும்போது யாரும் கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட வேண்டாம். அங்கே என்னை அழைத்துக்கொண்டு ஒரு குரல் இருக்கும். அது நிற்கும்போது நானே இறங்கி வருவேன்.

வெயிலில் இருந்து கேட்டதற்கு நன்றி. மாஜிதாவுக்கு என் ஆசி. எல்லோருக்கும் மறுபடி வணக்கம். தம்பி இசக்கிதுரை, மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள். காற்று எழுந்துவிட்டது.