பக்கத்துக் கட்டில்காரி

இரிங்க சாரே, எந்திரிச்சுப் போவாதீங்க. பக்கத்துக் கட்டில்காரியும் நானும் ஓயாம சண்டை போடுகோம்னு, அவளை நாகர்கோவில் இல்லத்துக்கு மாத்தப் போறீங்களாமே? நீங்க புது செக்ரட்டரி. இங்கத்த கதை தெரியாம உத்தரவு போட்டா எப்பிடி?

ராஜமணி மொதலாளி நாப்பத்தேழுல இந்த வலியசாலை வீட்டை வயசான பொம்பளையளுக்குன்னு எழுதிக் குடுத்தாரு. நல்ல மனுசன். ஆனா ஒரு சட்டம் வச்சாரு பாத்துக்கிடுங்க. சொந்தம்னு ஒரு ஆளு இருந்தாலும் உள்ள எடுக்கப்படாது. மகன் உண்டா, மருமவ உண்டான்னு வாசல்லயே சத்தியம் வாங்கிட்டுத்தான் கஞ்சி. அவ வெள்ளிக்கெழம வந்து யாருமில்லேன்னு கண்ணைக் கசக்கினா. நான் ஞாயித்துக்கெழம வந்து கசக்கினேன். அவ அளவுக்கு எனக்கு வரல்ல, கேட்டீளா.

சண்டையா? பின்னே போடாம? தீயல் கொழம்புக்குத் தேங்காயைக் கறுக்க வறுக்கணும்பா அவ. கறுத்தா கசக்கும்பேன். அடுப்புல நிக்குறது சமையக்காரி சீதாலக்ஷ்மி, அவகிட்ட யாரும் கேக்கல்ல! நேத்து நான் போடி கெழவின்னேன். அவ என் பல்லில்லாத வாயைப் பத்தி ஒண்ணு சொன்னா. அதை நான் சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சிரிப்பு வந்துரும்.

அந்தா, சிரிச்சுட்டீங்க!

அவளுக்குக் கண்ணு சரியில்ல சாரே. எலையில உப்பு எங்க, ஊறுகா எங்கன்னு நான் திட்டிக்கிட்டேதான் காட்டிக் குடுக்கேன். நாகர்கோவில்ல யாரு இருக்கா, அவளைத் திட்ட?

என்னது, இவ்வளவு அக்கறை எதுக்கா? கதவைக் கொஞ்சம் சாத்துங்க, சொல்லுகேன்.

வீட்டுல இருந்த காலம் பூரா நான் அவிய முன்னால உக்காந்தது கெடையாது. சரி அத்தே, ஆகட்டும் அத்தே, அவ்வளவுதான். பொறவு அவிய மகன், என்னைக் கெட்டினவரு, காலராவுல போயிட்டாரு. வீடும் போச்சு. சேந்து வந்தா ரெண்டு பேருக்கும் இடமில்ல. அதான் ஆளுக்கொரு நாளு வந்தோம். வாசல் தாண்டி யாரோ எவளோன்னு ஆன பொறவுதானே எனக்கு வாயே தொறந்துது! சத்தியமாச் சொல்லுகேன், அந்தப் ‘போடி’ங்குற சொல்லுக்கு என்ன ருசிங்கீங்க. அவியளுக்கும் ருசிதான். இல்லேன்னா தெனமும் வம்புக்கு வருவாளா?

மொதலாளி சட்டப்படி வெளிய போடணுமா, போடுங்க. ரெண்டு பேரையும் சேத்துப் போடுங்க. மாமியாரைத் தனியா அனுப்பிட்டு இங்க ஒத்தையில இருந்து கஞ்சி குடிக்க என்னால முடியாது, சாரே.