தொப்புளுக்குக் கீழே ஓர் உருண்டை

தலைமை ஏற்றிருக்கும் ரயில்வேப் பெரியவர் நாகையா அவர்களே! துணிப் பஞ்சத்திலும் மேடைக்கு விரிப்புத் தந்த ஜனாப் நூர் முகம்மது அவர்களே! மரவள்ளிக்கிழங்கை அரைவேக்காட்டில் இறக்கிவைத்துவிட்டு பிரிக்பீல்ட்ஸ் வரை நடந்து வந்திருக்கும் தாய்மார்களே! பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி சீதாலெட்சுமியின் வணக்கம்.

கருப்பையைப் பற்றிப் பேச வந்தேன். பின்வரிசையில் என்ன சிரிப்பு, அண்ணே? நீங்களும் அங்கே குடியிருந்தவர்தான்!

அது எவ்வளவு பெரியது? மூன்று அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். கவிழ்த்துப் பிடித்த கொய்யா, அவ்வளவே! அதற்குள்ளா நாம் வளர்ந்தோம்? ஆம்! பிள்ளை வளர வளரத் தானும் வளர்கிறது. மாதம் நிறைந்ததும் பிள்ளையை வெளியே தள்ளுகிறது. அத்தோடு வேலை முடிந்ததா? இல்லை, தாய்மாரே! இனித்தான் தாயைக் காக்கும் வேலை. சுருங்குகிறது, சுருங்கி இறுகுகிறது, இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து அடைக்கிறது. பிள்ளை பிறந்தபின் தொப்புளுக்குக் கீழே கல்லாய்த் தட்டுப்படும் உருண்டை அதுதான்.

போன மாதம் காப்பார்த் தோட்டத்தில் தங்கமணிக்குப் பிள்ளை பிறந்தது. புருஷனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பட்டாளத்தார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அந்த உருண்டையைத் தொட்டுப் பயந்து, கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்திருக்கிறாள். சூட்டாலோ சோர்வாலோ, உருண்டை இளகியது. நான் சைக்கிளை விட்டு இறங்கும்போதே ஓடி வந்தாள்.

“மிஸ்ஸி, கட்டி கரைஞ்சிருச்சு லா! இனிமே பயமில்ல!”

உள்ளே போனேன். பாய் முழுக்க இரத்தம்.

“கரையறது கட்டி இல்ல நல்லம்மா, அவ உசிரு! புள்ளைய எடுத்து மாருல போடு!”

அடிவயிற்றைத் தேய்த்தேன். தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். கைக்கடியில் அது மெல்ல இறுகியது, இரத்தம் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நல்லம்மாள் கெட்டவளா? தன் பங்கு அரிசியில் தங்கமணிக்குக் கஞ்சி காய்ச்சியவள்! அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: உருண்டை கல்லாய் இருந்தால் கும்பிடுங்கள், கரைக்காதீர்கள். இளகினால் தேயுங்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொல்லுங்கள், என்னைக் கூப்பிட ஆளை ஓடவிடுங்கள். அது பழைய கொய்யாவாகச் சுருங்க ஆறு வாரம் ஆகும். அதுவரை அவளை மண்வெட்டி தூக்க விடாதீர்கள்!

சயாமுக்குப் போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர நம்மால் ஆகாது. வருகிறவன் வந்து கதவைத் தட்டும்போது, திறக்க அவன் மனைவி உயிரோடு இருக்கவேண்டும். அது நம் கையில் இருக்கிறது. இவ்வளவு நேரம் காது கொடுத்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.