பத்து எண்ணுறதுக்குள்ள

உங்க கடையில ரெண்டு நாள் நிக்காம ஓடுச்சுங்கிறீங்க தம்பி, சரி, நான் இல்லைங்கல. அப்புறம் இங்க வந்தா மட்டும் ஏன் பத்து எண்ணுறதுக்குள்ள படக்குன்னு அணையுது? எங்க வீட்டு மேல அதுக்கு என்ன கோவம்? உள்ள வாங்க, செருப்பு கிடக்கட்டும். அதோ, மேசை பக்கத்துல, கறுப்புப் பொட்டி, அதான் கம்ப்யூட்டரு.

பெரியவன் பூட்டுனது தம்பி. சாமான் எல்லாம் தனித்தனியா வாங்கி, இந்தக் கூடத்துலயே பாயை விரிச்சுப்போட்டு ஒண்ணொண்ணா மாட்டுனான், தங்கச்சிக்காக. ஒரு ஸ்குரூ காணோம்னு என்னை சோபாவுக்கு அடியில படுக்க வெச்சுட்டான்! கடைசியில அவன் சட்டைப் பையிலயே கிடக்குது. அப்பனைக் கொண்டு பொறந்திருக்கான். அவரு குடையை அக்குள்ல இடுக்கிக்கிட்டே குடை எங்கம்பாரு... என்ன சொல்லிட்டிருந்தேன்?

ஆங், சின்னவ. அவளுக்கு வேலை போயி எட்டு மாசம். இன்னைக்குப் பதினோரு மணிக்கு இதுலதான் இன்டர்வியூ, முகம் பாத்துப் பேசணுமாம். பாதியில அணைஞ்சா அவ்வளவுதான். 'அண்ணன் பூட்டுனது என்னைக்கு உருப்படியா ஓடுச்சு'ன்னு இவ. 'உனக்குப் போடத் தெரியல'ன்னு அவன். மூணு நாளா ரெண்டும் மூஞ்சி குடுத்துப் பேசல. அவனும் பவர் சப்ளையை மாத்திட்டான், மெமரியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டான், சமையல்கட்டுல இருந்து வயரு இழுத்தும் பாத்துட்டான். பாவம், சோறு இறங்கல அவனுக்கு.

ஓடுதா? இருங்க, தண்ணி கொண்டாறேன்.

...இந்தாங்க. அட, இன்னும் ஓடுது! நம்பாதீங்க தம்பி, இது இப்படித்தான் ஆசை காட்டும். கொஞ்சம் தள்ளிக்கோங்க. கடவுளே... இந்தப் பொட்டி அணையாம இருக்கணும்... எம்பொண்ணு நல்லபடியா பேசி முடிக்கணும்...

பாத்தீங்களா! பாத்தீங்களா! படக்குன்னு! நான் சொன்னேன்ல?

என்ன தம்பி, என் கையையே பாக்குறீங்க? ஆமா, கை வெச்சுத்தான் வேண்டிக்குவேன். புள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா நெத்தியில கை வெச்சு வேண்டிக்கிட்டவதான நான். இதுக்கு நெத்தி எங்கன்னு யாரு கண்டா? மேல நீலமா வட்டமா வெளிச்சம் வருதே, அங்க வெப்பேன். அழுத்தித்தான். பட்டும் படாம கை வெச்சா அது என்ன வேண்டுதல்?

...எது? இதுவா சுவிட்சு? தலை மேலயா? ...அழுத்திப் புடிச்சா அணைஞ்சிடுமா?

அட கடவுளே... அவ திரையைப் பாத்து உக்காந்திருப்பா, நான் பின்னாடி சத்தமில்லாம வந்து... ஒவ்வொரு தடவையும் நானேவா அமுக்கி... அவனை வேற, 'ஏன்டா, சரியாத்தான் பூட்டுனியா'ன்னு நாலு தரம் கேட்டேன்!

சிரிக்காதீங்க தம்பி. சரி, சிரிங்க, நீங்க சிரிக்காம யாரு சிரிப்பா. திரும்பப் போட்டு விடுங்க. பெரியவன் கேட்டா ஏதோ வயரு லூசுன்னு... வேணாம், வேணாம், உங்களைப் பொய் சொல்ல வெச்ச பாவம் எனக்கெதுக்கு. நானே சொல்லிக்கிறேன். அவன் சாப்பிட்ட பொறவு சொல்றேன்.

மணி பத்தேமுக்காலா? பாப்பா! வாம்மா, ஓடுது! அண்ணன் நல்லாத்தான் பூட்டியிருக்கான்!

நானா தம்பி? நான் இந்தக் கதவு கிட்டயே நின்னு வேண்டிக்கிறேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டு.